பிந்தி வருகிறவர்களுக்கு ஒரு பாட்டு

ஜனவரி 4

இசையமைப்பாளர் அம்மாவுக்கு,

நீ எப்படி இருக்கேன்னு கேட்டுட்டுதான் ஆரம்பிக்கணும்னு நம்ம பொடிசு சொன்னா. கேட்டுட்டேன்.

ஏப்ரல் இருபதாம் தேதி அவளுக்குக் கல்யாணம். உனக்குத் தெரியும். எனக்கு முன்னாடி உனக்குத்தான் சொல்லியிருக்கா, அதுவும் எனக்குத் தெரியும். விடு. அன்னிக்கு மண்டபத்துல ஒரு பாட்டு வேணுமாம். நீ இசையமைக்கணுமாம், எங்க தண்ணீர் ஆபீஸ் பாட்டுக் குழு பாடணுமாம். நகை வேணும், புடவை வேணும்னு கேக்குற பொண்ணா இருந்தா தேவலைன்னு இருந்துச்சு.

"சரி, அம்மாகிட்ட போன்ல பேசிக்கிறேன்"னேன். "நாலு வருஷமா நீங்க ரெண்டு பேரும் போன்ல பேசி எதை முடிவு பண்ணியிருக்கீங்க? மூணாவது நிமிஷம் யாராவது ஒருத்தர் வெச்சிடறீங்க. அப்புறம் நான் நடுவுல தபால்காரி. எழுதிக்கோங்க. எழுதினா கத்த முடியாது"ன்னா. ஸ்டாம்பு ஒட்டின கவர் ஒரு கட்டு அவளே வாங்கி மேஜையில வெச்சிட்டுப் போயிருக்கா.

குழுவுல ஒன்பது பேர். புகார்ப் பிரிவுல மூணு பொண்ணுங்க, தண்ணி சோதிக்கிற ஆய்வுக்கூட அம்மா, ஜீப் டிரைவர், வால்வுக்காரர், மீட்டர் பாக்குற அண்ணன் தம்பி, அப்புறம் பம்பு அறையிலேர்ந்து நான். மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல பாடுவோம். சுமாராப் பாடுவோம். எளிமையா ஒண்ணு போட்டுக் குடு. உனக்கு எளிமைன்னா என்னன்னு தெரியும்னு நம்புறேன்.

பம்பு அறைக்காரன்


ஜனவரி 15

பாட்டுக் குழுச் செயலாளர் அவர்களுக்கு,

நலம். கேட்டதற்கு நன்றி. கேட்கச் சொன்னவளுக்கும்.

இத்துடன் பாட்டு, பதினோரு பக்கம். பொடிசு பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மாடிப்படியிலிருந்தே "அம்மா, அப்பா" என்று கூப்பிடுவாளே, அந்த நான்கு சுரத்தைத்தான் விதையாக எடுத்திருக்கிறேன். 'அம்மா' ஏறும், 'அப்பா' இறங்கும். பெண்கள் அதை நேராகப் பாடுகிறார்கள். நடுக்குரல்கள் அதையே கடைசியிலிருந்து முதலுக்குப் பாடுகின்றன. ஆண்களுக்குத் தலைகீழ்: ஏற வேண்டியது இறங்கும், இறங்க வேண்டியது ஏறும். மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று உட்காரும்போது ஓர் இடத்தில்கூட உரசாது. இதைப் பொருத்த எனக்கு ஒன்பது நாள் ஆனது.

தாளம் ஏழு அடி. ஏன் ஏழு என்று கேட்பீர்கள். நாலும் மூன்றும் சேர்ந்தால் ஏழு. இரண்டு வீடு சேர்கிறதல்லவா? கேட்கிறவர்களுக்கு அது தெரியாது. ஆனால் உள்ளே இருக்கும்.

சொற்கள் எளிமைதான். "பிரியாதிருங்கள் பிள்ளைகளே" என்று முடிகிறது. யார் எழுதியது என்று பார்த்து யாராவது சிரிக்கலாம். சிரிக்கட்டும். பிரிந்திருக்கிறவர்களுக்குத்தானே அந்த வார்த்தையின் எடை தெரியும்.

இப்படிக்கு,
எளிமை தெரியாதவள்


ஜனவரி 29

அம்மா தாயே,

நான் என்ன கேட்டேன், நீ என்ன அனுப்பியிருக்கே? இது பாட்டா, பரீட்சைத் தாளா?

செவ்வாய்க்கிழமை எல்லாருக்கும் நகல் எடுத்துக் குடுத்தேன். டிரைவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "தலைகீழாப் பாடணும்னா தாளைத் தலைகீழாப் பிடிக்கணுமா சார்?"னு கேட்டார். கேலி இல்ல, நிஜமாவே கேட்டார்.

வால்வுக்காரர் முப்பது வருஷமா வால்வு திறக்கிறவர். மூணு சுத்து, ஒரு மூச்சு, மூணு சுத்து, ஒரு மூச்சு. அவருக்கு உலகமே மூணுதான். ஏழு அடின்னு நீ எழுதினா, அவர் மூணு மூணா எண்ணி ஒன்பதுல வந்து நிக்கிறார். "அந்த மிச்ச ரெண்டை என்ன பண்றது?"ன்னு என்னைக் கேக்குறார். மீட்டர் அண்ணன் தம்பி ரெண்டு பேரும் எப்பவுமே எல்லாரும் ஆரம்பிச்சப்புறம்தான் ஆரம்பிப்பாங்க. ஒருத்தர் வாயை ஒருத்தர் பாத்துக்கிட்டு நிப்பாங்க.

ஆய்வுக்கூட அம்மாவுக்கு மூச்சு போதாது. வார்த்தை நடுவுலயே மூச்சு வாங்குவாங்க. உன் கடைசி வரியை அவங்க எப்படிப் பாடினாங்க தெரியுமா? "பிரி!" ஒரு மூச்சு. "யாதிருங்கள்." மண்டபம் முழுக்க முதல்ல "பிரி!"தான் கேக்கும். நம்ம பொண்ணு கல்யாணத்துல, நம்ம ரெண்டு பேர் முன்னாடி. சம்பந்தி வீட்டுக்காரங்க என்ன நினைப்பாங்க?

அப்புறம், குழுவுல ஒருத்தருக்கு ஒரே ஒரு சுரம்தான் வரும். அது யாருன்னு உனக்குத் தெரியும். நீ எனக்குப் பன்னிரண்டு சுரம் எழுதியிருக்கே. குத்திக்காட்டவா?

தயவுசெஞ்சு வேற எழுது.


பிப்ரவரி 6

உங்களுக்கு,

வேறு எழுத முடியாது. நான் போட்டது சரியாக இருக்கிறது. ஒரு சுரம் பிசகாது. பிசகுவது பாடுகிறவர்கள்.

பாடத் தெரியாதவர்கள் பாடாமல் இருக்கலாம். என்னிடம் நான்கு வாத்தியக்காரர்கள் இருக்கிறார்கள், ஒரே மாலையில் வாசித்துப் பதிவு செய்து அனுப்பிவிடுவேன். மண்டபத்தில் ஒரு ஸ்பீக்கரை வைத்துப் போட்டுவிடுங்கள். உங்கள் குழு முன்னால் நின்று வாயசைக்கட்டும். யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

எனக்கு எரிச்சல் ஏன் என்று உங்களுக்கு இப்போதும் புரியாது. இருபத்திரண்டு வருஷம் உங்கள் வீட்டில் நான் ஏதாவது வாசித்தால் "நல்லாருக்கு" என்பீர்கள். குழம்புக்கும் அதே சொல், பாட்டுக்கும் அதே சொல். அதையாவது பொறுத்துக்கொண்டேன். என் முதல் பெரிய மேடை. பன்னிரண்டு வயலின். ஒரு வருஷ உழைப்பு. இரண்டாம் பகுதி தொடங்கியதும் மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி சத்தம். திரும்பிப் பார்க்கிறேன், உங்கள் முதுகு போகிறது. மறுநாள் கேட்டால், "மெயின் குழாய் வெடிச்சிடுச்சு, கூப்பிட்டாங்க."

ஆக, என் பாட்டு கஷ்டம் என்று நீங்கள் சொல்வது எனக்குப் புதிதல்ல. அன்றைக்குக் குழாய், இன்றைக்கு வால்வுக்காரர்.


பிப்ரவரி 16

உனக்கு,

உன் கடிதத்தை மேஜை மேலயே வெச்சிட்டு வேலைக்குப் போயிட்டேன். பொடிசு வந்து படிச்சிருக்கா. என் மேல தப்பு. ஒளிச்சு வெச்சிருக்கணும்.

அடுத்த நாள் மத்தியானம் ஒத்திகைக்கே வந்துட்டா. வந்து நின்னு கேட்டா. நாங்க பாடினது அப்படி. வால்வுக்காரர் தனியா, அண்ணன் தம்பி தனியா, "பிரி!" தனியா. நான் கையை ஆட்டி ஆட்டி தோள்பட்டை வலிச்சுதே தவிர ஒண்ணும் சேரல. நடுவுல நான் டிரைவர்கிட்ட கத்திட்டேன். ஆய்வுக்கூட அம்மா அழுதுட்டாங்க. "என்னால உங்க வீட்டு விசேஷம் கெட வேணாம் சார், நான் விலகிக்கிறேன்"னாங்க.

பொடிசு என்னை வெளியில கூட்டிட்டு வந்தா. "அப்பா, பாட்டு வேணாம்"னா.

"கொஞ்சம் பொறுடி, சரியாயிடும்."

"பாட்டு எனக்குப் பெருசில்லப்பா. அன்னிக்கு ஒரு நாள், அம்மா செஞ்சதும் நீங்க செஞ்சதும் ஒண்ணா இருக்கிற ஏதாவது ஒண்ணு வேணும்னு ஆசைப்பட்டேன். ரெண்டு பேரும் ஒரு தாளை வெச்சுக்கூட சண்டை போடுறீங்க. விட்டுடுங்க. நான் வேற ஏதாவது ஏற்பாடு பண்ணிக்கிறேன்."

அழலை. அழுதிருந்தா சமாதானம் சொல்லியிருப்பேன். டைரியை எடுத்து, 'பாட்டு'ன்னு எழுதியிருந்த வரியை அடிச்சா. என் கண்ணு முன்னாடி, ஸ்கேல் வெச்சு அடிச்சா. அப்படியே உன் பொண்ணு.

நாம ரெண்டு பேரும் ஒரு காரியத்தைக் கெடுக்கிறதுல மட்டும் நல்லா சுருதி சேர்ந்திருக்கோம். இதுக்கு மேல எனக்கு எழுதத் தெரியல.


பிப்ரவரி 20

உங்களுக்கு,

கடிதம் வந்தது. இரண்டு நாள் பியானோவைத் திறக்கவில்லை.

அவளிடம் எதுவும் சொல்லாதீர்கள். ஆய்வுக்கூட அம்மாவைப் போய்ப் பாருங்கள். அவர் விலகினால் நான் எழுத மாட்டேன் என்று சொல்லுங்கள். டிரைவரிடம் மன்னிப்புக் கேளுங்கள். உங்களுக்கு மன்னிப்புக் கேட்க வராது, ஒரு டீயாவது வாங்கிக் கொடுங்கள்.

எனக்கு ஒரு பட்டியல் வேண்டும். ஒவ்வொருவரும் எப்படிப் பாடுகிறார்கள் என்று அல்ல, எப்படித் தப்பு செய்கிறார்கள் என்று. சரியாக எழுதுங்கள். "லேட்டா வருவாங்க" என்றால் எத்தனை அடி லேட்? ஒவ்வொரு முறையும் அதே அளவா, மாறுகிறதா? மூச்சு எத்தனையாவது எழுத்தில் உடைகிறது? உங்களுக்கு வரும் அந்த ஒரு சுரம் எது? "கீழ் சுரம்" என்று எழுதாதீர்கள். பொடிசின் பழைய கீபோர்டு பரணில் இருக்கும், அதில் கட்டையைப் பார்த்துச் சொல்லுங்கள்.

தண்ணீர் எங்கே கசிகிறது என்று அளப்பவர்தானே நீங்கள். அளந்து அனுப்புங்கள்.


மார்ச் 1

உனக்கு,

அளந்துட்டேன். ஸ்டாப்வாட்ச் வெச்சு, ஒரு வாரம்.

மீட்டர் அண்ணன் தம்பி: நாலு அடி லேட். எப்பவும் நாலுதான். ஒரு தடவைகூட மூணோ அஞ்சோ ஆகல. இவ்வளவு ஒழுங்கா லேட்டா வர்றவங்களை நான் பாத்ததில்ல.

வால்வுக்காரர்: மத்தவங்க நாலு எண்ணினா அவர் மூணு எண்ணுவார். ஆனா வேகம் மாறாது. கடிகாரம் மாதிரி.

ஆய்வுக்கூட அம்மா: மூணாவது எழுத்துல மூச்சு உடையும். வார்த்தை முடிஞ்சுதா இல்லையான்னு எல்லாம் பாக்க மாட்டாங்க, எங்க மூச்சு முட்டுதோ அங்க நிறுத்தம். (திரும்ப வர சம்மதிச்சுட்டாங்க. நீ சொன்னதைச் சொன்னேன். "நிஜமாவா?"ன்னு நாலு தடவை கேட்டாங்க.)

டிரைவர்: வரியை முழுசா ஞாபகம் வெச்சுக்க மாட்டார். ஆனா யாராவது விட்ட இடத்தை டக்குனு பிடிச்சுடுவார். மன்னிப்புக் கேட்டேன். டீயும் வாங்கிக் குடுத்தேன். "எதுக்கு சார்?"னார். மறந்தே போயிட்டாராம். நான் ஒரு வாரம் தூங்கல.

புகார்ப் பிரிவுப் பொண்ணுங்க: தப்பு இல்ல. காலையிலேர்ந்து ஊர்த் திட்டெல்லாம் வாங்கிட்டு வந்து பாடுறதால கொஞ்சம் சத்தம் ஜாஸ்தி.

நான்: கீபோர்டைப் பம்பு அறைக்கே எடுத்துட்டுப் போனேன். மூணு கறுப்புக் கட்டை சேர்ந்தாப்பல இருக்கும் பாரு, அதுல முதல் ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வெள்ளைக் கட்டை. இடது கோடிப் பக்கம். வேற எந்தக் கட்டையை அமுக்கினாலும் எனக்கு வாய் அங்கதான் போகுது. அப்புறம்தான் ஒண்ணு கவனிச்சேன். பம்பு ஓடுற சத்தமும் அதே சுரம். பதினெட்டு வருஷம் பக்கத்துலயே உக்காந்திருக்கேன், அது உள்ள போயி உக்காந்துடுச்சு போல.

தப்பை எல்லாம் எழுதச் சொன்னே. என் கணக்குல இன்னொண்ணு இருக்கு. அதையும் எழுதிடறேன்.

அன்னிக்கு எந்தக் குழாயும் வெடிக்கல.

உன் பன்னிரண்டு வயலின் வாசிச்சப்போ எனக்கு ஒண்ணும் புரியல. புரியலைன்னா என்ன, உக்காந்திருக்கலாம். ஆனா எனக்குப் பக்கத்துல ஒரு ஆள் கண்ணை மூடிக்கிட்டுத் தலையை ஆட்டிக்கிட்டு இருந்தார். ஒரு இடத்துல அவருக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. என் பொண்டாட்டி மனசுல என்ன ஓடுதுன்னு ஊர் பேர் தெரியாத ஒருத்தருக்குத் தெரியுது, எனக்குத் தெரியல. அந்த ஆத்திரத்துலதான் எழுந்து போனேன். எதிர்த்த டீக்கடையிலதான் நின்னுக்கிட்டிருந்தேன். கைதட்டுற சத்தம் அங்க வரைக்கும் கேட்டுச்சு.

அவ்வளவுதான்.


மார்ச் 13

உங்களுக்கு,

புதிய பாட்டு இத்துடன். மூன்றே பக்கம். சொற்களும் அந்த மாடிப்படி சுரமும் பழையவைதான். முதலில் வேலையைப் பேசிவிடுகிறேன்.

மீட்டர் அண்ணன் தம்பி நான்கு அடி பிந்தி வரட்டும். அவர்கள் பிந்தி வந்தால்தான் பாட்டே சேரும். ஒருவர் பாடியதை இன்னொருவர் பின்னாலேயே துரத்திக்கொண்டு பாடுகிற முறை ஒன்று உண்டு. நாலடிக்கு முன் மற்றவர்கள் பாடிய சுரமும் இப்போது பாடுகிற சுரமும் மோதாமல் இருக்கும்படி ஒவ்வொரு சுரமாக அடுக்கியிருக்கிறேன்.

வால்வுக்காரருக்கு மூன்று, மற்றவர்களுக்கு நான்கு. ஏழு அடியை எடுத்துவிட்டேன். மூன்று நான்காகப் போனாலும் நான்கு மூன்றாகப் போனாலும் பன்னிரண்டாவது அடியில் இருவரும் ஒரே வாசலில் வந்து நிற்பார்கள். அங்கேதான் ஒவ்வொரு வரியும் முடிகிறது. அவரை யாரும் திருத்த வேண்டாம்.

ஆய்வுக்கூட அம்மா மூச்சு வாங்கும் இடத்தில் வருகிற எழுத்தை டிரைவருக்குக் கொடுத்திருக்கிறேன். அம்மா "பிரி" என்று நிறுத்துவார். அந்த மூச்சுக்குள் டிரைவர் "யா" என்று பிடிக்க வேண்டும். அம்மா "திருங்கள்" என்று முடிப்பார். இருவர் சேர்ந்துதான் ஒரு சொல். கேட்பவர்களுக்கு ஒரே குரல் போல இருக்கும். டிரைவரிடம் சொல்லுங்கள், பிரேக் பிடிப்பதைவிட இது முக்கியம்.

உங்களுக்கு அந்த ஒரே வெள்ளைக் கட்டை. முதலிலிருந்து கடைசி வரை. நீங்கள் அசைய வேண்டாம். அது உங்களுக்குக் கஷ்டமாக இருக்காது. நீங்கள் அப்படியே நிற்க, மேலே இருக்கிறவர்கள் இடம் மாறுவார்கள். முதல் வரியில் உங்கள் சுரம்தான் வீட்டின் தரை. இரண்டாம் வரியில் அதே சுரம் தூண். மூன்றாம் வரியில் இனிக்கும். நான்காம் வரியில் உரசும். மேலே இருப்பவர்கள் ஒன்று சொல்ல, நீங்கள் வேறொன்று சொல்வது போலக் கேட்கும். பயந்து விட்டுவிடாதீர்கள். ஐந்தாம் வரியில் எல்லோரும் உங்களிடமே வந்து சேர்வார்கள்.

இனி மற்றது.

குழாய் வெடிக்கவில்லை என்று எனக்கு அன்றே தெரியும். மறுநாள் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பார்த்தேன். ஊரில் ஒரு சந்தில்கூடத் தண்ணீர் நிற்கவில்லை. நீங்களாக வந்து சொல்வீர்கள் என்று இருந்தேன். அதற்குள் இங்கே வேலை வந்தது. போகாதே என்று நீங்களும் சொல்லவில்லை, கூட வாருங்கள் என்று நானும் சொல்லவில்லை. நான்கு வருஷம்! மூன்று வரியில் எழுதிவிட்டீர்கள். இதை அன்றைக்கே எழுதியிருக்கக் கூடாதா, மனிதரே?

பட்டியலில் என் பெயரையும் போட்டுக்கொள்ளுங்கள். அந்த வயலின் இசையில் இரண்டாம் பகுதியை உங்களுக்குப் புரியக் கூடாது என்றேதான் எழுதினேன். "நல்லாருக்கு" என்று நீங்கள் சொல்ல முடியாதபடி. அது நன்றாகவே வேலை செய்தது.


ஏப்ரல் 5

உனக்கு,

தலையில இடி.

பாட்டு வந்த ரெண்டாவது வாரமே பிடிபட்டுடுச்சு. வால்வுக்காரர் பன்னிரண்டாவது அடியில எங்களோட வந்து இறங்குறப்போ சிரிக்கிறார். இத்தனை வருஷத்துல அவர் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. டிரைவரும் ஆய்வுக்கூட அம்மாவும் வராந்தாவுல போறப்பக்கூட ஆளுக்கு ஒரு எழுத்தாப் பேசிக்கிறாங்க. பொடிசுகிட்ட மூச்சு விடல. எல்லாம் நல்லாத்தான் போச்சு.

நேத்துலேர்ந்து மீட்டர் அண்ணன் தம்பி சரியா வர்றாங்க.

ஆமா. சரியா. நாங்க ஆரம்பிக்கிற அதே அடியில. துரத்த ஆளே இல்ல. நீ பொருத்தினதெல்லாம் பொலபொலன்னு உதிருது. "ஏன்யா, என்னய்யா ஆச்சு?"ன்னா, அண்ணன் சொல்றார், "சார், எங்க குறைக்குன்னே ஒரு பெரிய இசையமைப்பாளர் பாட்டை மாத்தி எழுதினாங்களாமே. வெக்கமாப் போச்சு. வீட்டுல உக்காந்து பழகினோம். இனி லேட்டாக மாட்டோம்."

உன் கடிதத்தை நான்தான் பெருமையாப் படிச்சுக் காட்டினேன். திட்டு. திட்டிட்டு வழி சொல்லு. பதினஞ்சு நாள்தான் இருக்கு. "பழையபடி லேட்டா வாங்க"ன்னா இப்ப அவங்களால முடியல. இருபது வருஷம் வராத ஒழுங்கு, இப்ப வந்து உயிரை வாங்குது.


ஏப்ரல் 8

உங்களுக்கு,

கடிதத்தை மேஜை மேல் வைப்பது, படித்துக் காட்டுவது. உங்களுக்குத் தபால் அனுப்புவதற்குப் பதில் சுவரில் ஒட்டிவிடலாம்.

வழி இருக்கிறது. யார் முன்னால், யார் பின்னால் என்பது இந்த முறைக்கு ஒரு பொருட்டே அல்ல. இடைவெளி நான்கு அடி இருந்தால் போதும். அவர்கள் முதலில் பாடட்டும். நீங்கள் மற்ற எல்லோரும் நான்கு அடி கழித்து வாருங்கள். உங்கள் ஒரு சுரத்துக்கு எதுவும் மாறாது. மூன்றாம் வரியில் புகார்ப் பிரிவுக்காக ஐந்து சுரம் மாற்றியிருக்கிறேன், பின்பக்கம் பாருங்கள்.

அண்ணன் தம்பியிடம், பாட்டைத் தொடங்க இரண்டு பேரை நான் தேர்ந்தெடுத்திருப்பதாகச் சொல்லுங்கள். பொய் இல்லை. இப்போது தேர்ந்தெடுத்துவிட்டேன்.


ஏப்ரல் 14

உனக்கு,

எல்லாரையும் லேட்டா வரப் பழக்கியாச்சு. அரசாங்க ஆபீஸ்ல அது ஒண்ணும் கஷ்டமில்ல.

அண்ணன் தம்பி ரெண்டு பேரும் புதுச் சட்டை தைக்கக் குடுத்திருக்காங்க. பொடிசுகிட்ட நேத்துதான் சொன்னேன். டைரியை எடுத்து, அடிச்ச வரிக்குக் கீழ திரும்பவும் எழுதினா.

இருபதாம் தேதி நீ எந்த வரிசையில உக்காருவே?


ஏப்ரல் 21, ரயிலில்

உங்களுக்கு,

ரயில் ஆடுகிறது. எழுத்து கோணலாக வரும்.

நேற்று மண்டபத்தில் நம் இருவரையும் விடாமல் யாராவது பிடித்துக்கொண்டே இருந்தார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியவில்லை. சொல்ல வேண்டியது இது: உங்கள் மேல் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது.

நான் இரண்டாவது வரிசையில், சம்பந்தி வீட்டு மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் தம்பி தொடங்கினார்கள், அழகாக. நீங்கள் எல்லோரும் நான்கு அடி கழித்து வந்தீர்கள். முதல் வரி நின்றது. இரண்டாம் வரி நின்றது. மூன்றாம் வரியில் பொடிசு மாப்பிள்ளையின் கையை விட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த மாடிப்படி சுரத்தை அடையாளம் கண்டுகொண்டாள். ஒரு இசையமைப்பாளருக்கு வேறென்ன வேண்டும்?

நான்காம் வரி. விட்டுவிடாதீர்கள் என்று எழுதியே அனுப்பியிருந்தேன். விட்டுவிட்டீர்கள்! உங்கள் வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை. தரையை உருவியது போல இருந்தது. புகார்ப் பிரிவு மெல்ல மேலே நழுவ ஆரம்பித்தது. வால்வுக்காரர் பாவம், எண்ணிக்கொண்டே உங்களைப் பார்க்கிறார். இன்னும் ஒரு வரியில் எல்லாம் சரிந்துவிடும்.

நான் என்ன செய்வேன்? இருந்த இடத்திலிருந்தே உங்கள் சுரத்தைப் பிடித்தேன். என் தொண்டை அவ்வளவு கீழே போகாது. ஒரு ஸ்தாயி மேலே பிடித்தேன், அதே சுரத்தை. சம்பந்தி வீட்டு மாமா நாற்காலியை அரை அடி தள்ளிப் போட்டுக்கொண்டார். நான் மேடையில் பாடி எத்தனை வருஷம் ஆகிறது தெரியுமா? அதுவும் பட்டுப்புடவையில், உட்கார்ந்துகொண்டு, யாரும் கேட்காமல்!

எட்டு அடி கழித்து நீங்கள் கீழே வந்து சேர்ந்தீர்கள். நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. முடிகிற வரை இரண்டு பேரும் பிடித்தோம். "பிரி" என்று அந்த அம்மா நிறுத்த, டிரைவர் "யா" என்று குதித்த இடத்தில் என் பின்னால் யாரோ விசும்பினார்கள்.

ஏன் நிறுத்தினீர்கள்? அழுகை வந்ததா? உங்கள் முகத்தில் அழுகை இல்லையே. காரணம் எழுதுங்கள். குழாய் வெடித்தது என்று எழுதினால் இந்த முறை நானே வெடித்துவிடுவேன்.

அடுத்த செவ்வாய் அந்தப் பக்கம் வர வேண்டிய வேலை இருக்கிறது. குழுவையும் பார்க்கலாம் என்று ஒரு எண்ணம்.


ஏப்ரல் 25

உனக்கு,

அழுகை இல்ல. தொண்டையும் அடைக்கல.

நான் நிறுத்தினது கேக்கிறதுக்கு.

ஒத்திகையில எனக்கு என் சத்தம் மட்டும்தான் கேக்கும். பம்பு பக்கத்துல உக்காந்து பழகின காது. அன்னிக்கு மண்டபத்துல நாலாவது வரி வந்தப்போ, நீ எழுதியிருந்தியே, அவங்க ஒண்ணு சொல்ல நான் வேற சொல்ற மாதிரி உரசும்னு, அது திடீர்னு கேட்டுடுச்சு. ரெண்டும் தனித்தனியா, ஒரே நேரத்துல. நான் இருந்த இடத்துலதான் இருக்கேன், என்னைச் சுத்தி எல்லாம் நகருது, நானே வேற ஆள் மாதிரி ஆயிட்டேன். அட, இதைத்தான் சொல்லிக்கிட்டிருந்தியா நீ இத்தனை வருஷமா? அந்த அதிர்ச்சியில பாட மறந்துட்டு நின்னு கேட்டேன். பாடுறவன் பாதியில நின்னு கேக்கலாமா? கூடாதுதான். திட்டு வாங்கிக்கிறேன். ஆனா அதுக்குள்ள மேலேர்ந்து ஒரு குரல் என் சுரத்தை எடுத்துக்கிச்சு. யாருன்னு திரும்பிப் பாக்க வேண்டியிருக்கல.

உன் பன்னிரண்டு வயலினோட பதிவு பொடிசுகிட்ட இருக்காம். வாங்கி வெச்சிருக்கேன். இன்னும் போடல. தனியாக் கேட்டா இந்தத் தடவையும் டீக்கடைக்குப் போயிடுவேனோன்னு பயமா இருக்கு.

செவ்வாய்க்கிழமை வர்றேன்னு எழுதினே, எந்த ரயில்னு எழுதினியா? இல்ல. பதினோரு பக்கம் பாட்டு எழுதத் தெரியுது, ஒரு ரயில் நேரம் எழுதத் தெரியல. நானே ஸ்டேஷனுக்குப் போன் போட்டுக் கேட்டுக்கிட்டேன். அன்னிக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து ஒரே ரயில்தான், காலையில பத்தே கால்.

இன்னொரு விஷயம். குழுவுக்கு எப்படியோ தெரிஞ்சு போச்சு. நான் படிச்சுக் காட்டல, சத்தியம். எட்டு பேரும் லீவு எழுதிக் குடுத்துட்டு ஸ்டேஷனுக்கு வர்றாங்களாம். பிளாட்பாரத்துல நின்னு பாடி வரவேற்கப் போறாங்களாம். அண்ணன் தம்பி அந்தப் புதுச் சட்டையைத் துவைச்சு இஸ்திரி போட்டு வெச்சாச்சு. வேணாம், மானம் போயிடும்னு கெஞ்சிப் பாத்துட்டேன். ஒருத்தரும் கேக்கல. எல்லாரும் முன்பக்கம், எஞ்சின் நிக்கிற இடத்துல நிப்பாங்க.

நீ கடைசிப் பெட்டியில ஏறு. அங்க நான் மட்டும் நிப்பேன்.